ஹலீமா சொன்ன தூரம்

சிங்கப்பூரில் தேக்கா எவ்வளவு தூரம் என்று யாராவது வழியில் நிறுத்திக் கேட்டால், "பக்கத்துலதான், நடந்தே போயிடலாம்" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். ஹலீமாவிடம் கேட்டால், "மார்க்கெட்டா, எம்ஆர்டி ஸ்டேஷன் வாசலா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். பிறகு கைப்பேசியை எடுத்து அளந்து சொல்வாள். கேட்டவர் அதற்குள் பாதி வழி போயிருப்பார்.

இந்தப் பழக்கத்துக்காக அவளை நான் கேலி செய்யாத நாளே கிடையாது. தஞ்சோங் பகாரில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கும் கப்பல் தரகு அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. நான் புஷ்பராணி, கணக்குப் பிரிவு. வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் எடுத்தவள். ஹலீமா எண்ணெய்க் கப்பல்களைக் கண்காணிப்பவள்.

எண்ணெயை ஏற்றிவிடக் கப்பல் தேடுகிறவர்களையும் சுமை தேடி அலைகிற கப்பல்காரர்களையும் பேசி முடித்துவைப்பதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. கிட்டத்தட்டக் கல்யாணத் தரகு மாதிரி. மாப்பிள்ளையின் வயது, உயரம், எங்கே இருக்கிறார், கை காலியாக இருக்கிறதா என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய கப்பலும் தான் இருக்கும் இடத்தையும் போகும் வேகத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போகிறது. ஹலீமாவின் திரையில் அது ஒரு சின்ன அம்புக்குறி. நங்கூரம் போட்டுவிட்டால் அம்பு வட்டமாகிவிடும். அதன் நீளம், அகலம், எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது, எந்த ஆண்டு கட்டியது, கடைசியாக எதை ஏற்றியது எல்லாம் அவள் விரல்நுனியில் இருந்தன. அவள் கொடுத்த விவரம் தவறிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. "ஹலீமா சொன்னா சரியா இருக்கும்" என்பது எங்கள் பாஸ் அடிக்கடி சொல்லும் வசனம். அவள் வீட்டிலும் அதே வசனம்தான் ஓடியது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் கணவர் சாகுல் ஹமீது கப்பல் இன்ஜினியர். காலமெல்லாம் நல்ல நிறுவனங்களின் கப்பல்களில் ஓடிவிட்டு, ஓய்வு பெற்றுப் பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த பிறகுதான் தொல்லையே ஆரம்பித்தது. மூன்று மாடி உயர இயந்திரத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய மனிதருக்கு நாலறை வீட்டில் கைகாலை நீட்ட இடமில்லை. குளிர்பதனப் பெட்டியைக் கழற்றினார். சலவை இயந்திரத்தைக் கழற்றினார். பிறகு பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரத்தையும் கேட்டு வாங்கிக் கழற்றினார். அது அதற்கப்புறம் ஓடவே இல்லை.

"வீட்டுலயே அடைஞ்சு கெடக்க என்னால முடியல ஹலீமா," என்று அவர் புலம்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு ஏஜெண்ட் கூப்பிட்டான். ஒரே ஒரு பயணம், இரண்டாம் இன்ஜினியர் வேலை, மகள் ஹனீனின் கல்யாணத்துக்கு ரொம்ப முன்னாலேயே திரும்பிவிடலாம் என்றான். ஹலீமா அந்தக் கப்பலைப் பற்றி அலசிவிட்டு முகத்தைச் சுளித்தாள். 'நார்தர்ன் மெரிடியா' என்று பெயர். சிராங்கூன் சாலையில் படுக்க வைத்தால் தேக்கா சந்தையில் தொடங்கி வீரமாகாளியம்மன் கோயில் வரை வரும். இந்நேரம் உடைக்க அனுப்பியிருக்க வேண்டிய வயது. கொஞ்ச காலத்துக்குள் பல கைகள் மாறியிருந்தது.

"பழைய கப்பல்ங்க. சொந்தக்காரன் யாருன்னே தெளிவா இல்ல," என்று சொல்லிப் பார்த்தாளாம்.

"நானும்தான் பழசு லா. என்னை மட்டும் வச்சிருக்கல்ல?" என்று சிரித்துவிட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார் மனிதர். அடைந்து கிடக்க முடியாது என்று வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் எங்கே போய் அடைபட்டார் என்பதுதான் இந்தக் கதை.

வளைகுடாவில் எண்ணெய் ஏற்றிக்கொண்டு வந்த அந்தக் கப்பல், மலேசியாவுக்குக் கிழக்கே, எந்தத் துறைமுகத்தின் எல்லைக்குள்ளும் வராத கடலில் நங்கூரம் போட்டது. எண்ணெயை வாங்க வருகிறவனுக்காகக் காத்திருப்பு என்றார்கள். காத்திருந்தது, காத்திருந்தது, காத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் கப்பலின் பக்கவாட்டில் ஆளைத் தொங்கவிட்டு, பெயரில் பாதிக்கு மேல் பெயிண்ட் அடித்து மறைத்தார்கள். 'நார்தர்ன்' போய் வெறும் 'மெரிடியா' ஆனது. பெயரை மாற்றலாம். ஆனால் நம் அடையாள அட்டை எண் மாதிரி கப்பலுக்கும் பிறக்கும்போது கொடுத்த எண் ஒன்று உண்டு, அது சாகும்வரை மாறாது. அந்த எண்ணைப் போட்டுத் தேடிய ஹலீமா, கப்பல் கைமாறிவிட்டதையும் எந்த நாட்டுப் பதிவிலும் இப்போது அது இல்லை என்பதையும் கண்டுபிடித்தாள். காப்பீடும் கிடையாது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அவள்தான் விளக்கினாள். எந்த நாட்டுக் கொடியும் இல்லாத கப்பலுக்கு எந்தத் துறைமுகமும் இடம் கொடுக்காது. ஆள் ஏற்றி இறக்க எந்தப் படகுக்காரனும் பக்கத்தில் போக மாட்டான், பிடிபட்டால் அவன் உரிமமும் போய்விடும். வேலைக்கு எடுத்த ஏஜெண்டின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அடிப்பதையும் நிறுத்திவிட்டது. அரிசியும் தண்ணீரும் மட்டும் எங்கிருந்தோ ஒரு படகில் வரும். அந்தப் படகில் ஏற யாரையும் விட மாட்டார்கள். மாற்று ஆள் வராமல் இன்ஜினியர் இறங்கக் கூடாது என்பது கேப்டனின் கட்டளை. மாற்று ஆளை அனுப்ப வேண்டியவன் யார் என்று கேப்டனுக்கே தெரியாது.

கப்பலின் மேல்தளத்து ஓரத்தில் நின்றால் சில நேரம் கைப்பேசிக்கு அலை கிடைக்கும். அங்கிருந்துதான் ஹமீது கூப்பிடுவார். "சாயங்காலமானா நம்ம ஊரு வெளிச்சம் வானத்துல தெரியுது ஹலீமா. கையை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்கு," என்பாராம். இவளும் பாசிர் ரிஸ் வீட்டின் நடைக்கூடத்தில் நின்று கிழக்கே பார்ப்பாள். பார்த்தால் தெரியாத தூரம் என்று உலகத்திலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் நின்று பார்ப்பாள்.

அலுவலகத்தில் அவள் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தாள். காலையில் வந்ததும் எல்லாக் கப்பல்களையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாக அந்த வட்டத்தைத் தேடுவாள். அலைக்கும் காற்றுக்கும் தக்கபடி அது நங்கூரத்தைச் சுற்றிக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். கட்டிப்போட்ட மாடு மாதிரி. எனக்குப் பார்க்கவே பிடிக்காது. திரையை மூடு என்று சொல்ல வாய் வரும், சொல்ல மாட்டேன்.

கல்யாணம் நெருங்கியது. மாப்பிள்ளை முஆத் நல்ல பையன், மருத்துவமனையில் கதிரியக்கப் படம் எடுக்கும் வேலை. இரண்டு பேருக்கும் அரசாங்க வீவக அடுக்குமாடி வீடு தயாராகிச் சாவியும் கைக்கு வந்துவிட்டது. கல்யாணச் சான்றிதழைக் குறிப்பிட்ட காலத்துக்குள் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் வீடு போய்விடும். டன்லப் தெருப் பள்ளிவாசலில் நிக்காஹ், பக்கத்திலேயே சாப்பாடு என்று எல்லாம் பேசியாகிவிட்டது. நிக்காஹ் நடத்திவைக்கும் காதியைப் பார்க்க ஹலீமா போனபோது, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

காதி இளம் வயதுக்காரர், கனிவான மனிதர். எல்லாரும் அவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தமிழில் பேசி, நடுவில் ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் தாவினார். அவர்கள் முறைப்படி பெண்ணைக் கையளிக்கும் பொறுப்பு அவள் தந்தைக்கு உரியது என்று எனக்காக ஒருமுறை எடுத்துச் சொன்னார். தந்தை வரலாம், அல்லது அந்தப் பொறுப்பைத் தன் வாயால் இன்னொருவருக்கு ஒப்படைக்கலாம். தந்தை எட்டாத தூரத்தில் இருந்தால் மட்டும் அவருக்குப் பதிலாகக் காதியே நின்று நடத்தி வைப்பார்.

"வாப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

"கப்பல்ல இருக்காரு உஸ்தாத்."

"அப்படியா. எவ்வளவு தூரம் இருக்கும்?"

'நடுக்கடல்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் கையை விரித்து, 'ரொம்ப தூரம் உஸ்தாத்' என்று சொல்லி விஷயத்தை முடித்திருப்பேன். இவள் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். "எழுபத்து நாலு கிலோமீட்டர்," என்றாள். அதோடு விட்டாளா? "காலையில எழுபத்து நாலரை. காத்து திரும்பினதுல கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கு."

உஸ்தாத் பேனாவைக் கீழே வைத்தார். "நான் நிக்கணும்னா ரெண்டு மர்ஹலா தாண்டணும் சிஸ்டர். பழைய காலத்துல ரெண்டு நாள் பயண தூரம். இப்போ கணக்குக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர்னு வச்சுக்கங்க. இவரு அந்த தூரத்துக்குள்ளதான் இருக்காரு. பேச முடியுதா?"

"சில நேரம் முடியும்."

"அப்போ அவரைத்தான் கேக்கணும். அவரு உயிரோட, பக்கத்துல, பேசற நிலையில இருக்கும்போது நான் அவர் இடத்துல நிக்க முடியாது. ஆனா பயப்படாதீங்க. போன்ல என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டும், அவர் குரல் தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சி இருக்கட்டும். மத்த வேலையை நான் பாத்துக்கறேன்."

வெளியே வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "உன் வாயில கொஞ்சம் பொய் வந்தா என்ன குடியா முழுகிடும்?" என்று நடைபாதையிலேயே சத்தம் போட்டேன். அவள் விறுவிறுவென்று நடந்தாள். முகம் மட்டும் ஒரு மாதிரி வெளிறிப்போனது. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒரு வார்த்தை சொல்வதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹமீது கூப்பிட்டார். கீழே உணவங்காடியில் நாசி பாடாங் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, இரைச்சலில் காது கேட்காமல் ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். அதனால் நானும் கேட்டேன்.

"யாருக்கோ எதுக்கு ஒப்படைக்கணும்? என் மகளை நான்தான் குடுப்பேன்," என்றார் ஹமீது. குரல் காற்றில் போய்ப் போய் வந்தது.

"நீங்க வர முடியலைன்னா..."

"ஏன் வர முடியாது? நீதானே சொன்னே, மாத்து இன்ஜினியர் பேரு வந்துடுச்சு, படகு மட்டும்தான் பாக்கின்னு? நான் டெய்லி பெட்டியைக் கட்டி வச்சுட்டுத்தான் டியூட்டிக்குப் போறேன். இங்க எல்லாப் பயலும் மனசு விட்டுட்டான் ஹலீமா. நான்தான் சொல்றேன் அவனுங்ககிட்ட, என் வைஃப் ஷிப்பிங் ஆபீஸ்ல இருக்கா, அவ சொன்னா சரியா இருக்கும்னு."

அலை அறுந்தது. ஹலீமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்து ஆளு பேரு வந்துச்சா?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். அவர் ஒருநாள் போனில் அழுதுவிட்டாராம். இத்தனை வருஷத்தில் அவர் அழுது கேட்டதில்லை. தாங்க முடியாமல் அந்த நிமிஷத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். பிறகு அவர் ஒவ்வொரு தடவையும் ஆசையாக விசாரிக்க, இவள் ஒரு பெயரைக் கற்பனை செய்தாள், பிறகு அந்த ஆளுக்கு விசா தாமதம் என்றாள், பிறகு படகு பழுது என்றாள். வாழ்நாளில் ஒரே ஒரு பொய். அதற்குக்கூட விவரமெல்லாம் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். முந்தின நாள் பொய் சொல்லத் தெரியாதா என்று நான் கத்தியபோது அவள் முகம் ஏன் வெளிறியது என்று இப்போது புரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சொல்லிடு ஹலீமா," என்றேன். "யாரும் வரமாட்டாங்கன்னு சொன்னாத்தான் அவரு மத்தவங்ககிட்ட ஒப்படைப்பாரு. அதுவரைக்கும் நானே வர்றேன், நானே வர்றேன்னுதான் நிப்பாரு."

"சொன்னா அந்த மனுஷனுக்கு அங்க வேற என்ன இருக்கு அக்கா? அந்தப் பெட்டி ஒண்ணுதான் இருக்கு."

அவர் கடலில் மாட்டிக்கொண்டார் என்றால் இவள் தன் வாயில் மாட்டிக்கொண்டாள். பொய்யை எடுத்தால் அவர் உடைந்துபோவார். எடுக்காவிட்டால் மகளின் கல்யாணம் நின்றுபோகும். ஹனீன் வேறு, "வாப்பா சொன்னா சொன்னதுதான், வந்துடுவாங்க உம்மா," என்று சிரித்துக்கொண்டே கைக்கு மருதாணி வைக்கிறவளைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஹலீமாவுக்குச் சாப்பாடு இறங்காது.

வேறு வழியெல்லாம் தேடிப் பார்த்தாள். ஹமீதின் தம்பி ஸைஃப் அண்ணனுக்குப் பதிலாக நான் நிற்கிறேன் என்றார், உஸ்தாத் முடியாது என்றுவிட்டார். மாலுமிகளுக்கு உதவும் ஓர் அமைப்புக்கு எழுதினாள். அவர்கள் அன்பாகப் பேசினார்கள். ஆனால் சொந்தக்காரனே இல்லாத கப்பலில் யாரிடம் போய் நிற்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு காலை, திரையின் முன்னால் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். ஏதோ துஆ ஓதுகிறாள் என்று நினைத்தேன். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். கழிப்பறைக்கு அழைத்துக்கொண்டு போய் முகம் கழுவ வைத்தேன்.

"கப்பல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகணும்னு கேட்டுட்டேன் அக்கா," என்றாள். "பதினாறு கிலோமீட்டர் போனா போதும், உஸ்தாத்தே நடத்தி வச்சுடுவாரு, அவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்னு... என் புருஷன் இன்னும் தூரமாப் போகணும்னு நானே கேட்டுட்டேன்."

அதுதான் அவளை முடிவெடுக்க வைத்தது என்று நினைக்கிறேன். ஒரு சனிக்கிழமை மதியம், தொழுகைக்குப் பிறகு, உஸ்தாத் பாசிர் ரிஸ் வீட்டுக்கே வந்தார். ஹமீதின் குரல் தெரிந்தவர்கள் என்று ஸைஃபும், ஹமீதோடு முன்பு கப்பலில் வேலை பார்த்த அப்துல் கையூமும் வந்திருந்தார்கள். நான் சமையலறை வாசலில் ஒதுங்கி நின்றேன். ஹனீன் உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எதற்காக எல்லாரும் கூடியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் பாதிதான் தெரியும்.

ஹமீதிடம் கூப்பிடச் சொல்லியிருந்த நேரத்தில் மணி அடித்தது. மேசைமேல் இருந்த கைப்பேசியில் முதலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது.

"ஹலீமா, படகு கிளம்பிடுச்சா?" என்றார் ஹமீது.

அவள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "படகு இல்லைங்க. யாரும் வரல. யாரும் வர மாட்டாங்க. மாத்து ஆளுன்னு ஒருத்தன் இல்லவே இல்ல. நான்தான் சொன்னேன். நானா சொன்னேன்."

காற்று இரைந்தது. அலை போய்விட்டது என்று நினைத்து ஸைஃப் கைப்பேசியைக் குனிந்து பார்த்தார். போகவில்லை.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று குரல் வந்தது.

"கப்பல் பேரை அழிச்ச அன்னையிலேர்ந்து."

"ஆபீஸ்ல அத்தனை கப்பலுக்கும் சரியா சொல்றவ, எனக்குப் பொய் சொல்லியிருக்கே," என்றார் ஹமீது. "நீயே பொய் சொன்னா, நான் வேற யார்கிட்டடி கேப்பேன்? இவனுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அந்த அறையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உஸ்தாத்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹலீமா மன்னிப்புக் கேட்கவில்லை, அழவும் இல்லை. "நீங்க அழுதீங்க," என்றாள். "அதைக் கேக்க முடியாம சொல்லிட்டேன்."

மறுபடி காற்று. போனை வைத்துவிடுவார் என்று நிச்சயமாக நினைத்தேன்.

"ஹனீன் இருக்காளா?" என்றார்.

"இருக்கேன் வாப்பா." பிள்ளையின் கன்னமெல்லாம் ஈரம்.

"முஆத்தைக் கட்டிக்க உனக்குச் சம்மதம்தானே? வீட்டுச் சாவிக்காக ஒண்ணும் இல்லையே?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "சம்மதம் வாப்பா. நீங்க வர்ற வரைக்கும் வெயிட் பண்றேன். சாவி போனா போகட்டும்."

"வேணாம்டா. நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த மாதிரி நீயும் உக்காராதே." பிறகு கேட்டார், "உஸ்தாத் இருக்காரா? குடு."

உஸ்தாத் கைப்பேசியை நோக்கிக் குனிந்தார். ஹமீது தன் முழுப் பெயரையும் தன் வாப்பாவின் பெயரையும் சொன்னார். என் மகள் ஹனீனை முஆத்துக்கு நிக்காஹ் செய்து கொடுக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். உஸ்தாத் ஏற்றுக்கொண்டேன் என்றார். இது ஹமீதின் குரல்தான் என்று ஸைஃபும் கையூமும் சொன்னார்கள்.

ஹலீமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது அலை அறுந்துபோனது. கையூம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். அன்று அதற்கப்புறம் இணைப்புக் கிடைக்கவில்லை.

அடுத்த நாளும் அவர் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் இல்லை. கோபம்தான் என்று ஸைஃப் சொன்னார். ஹலீமா அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நேரத்தோடு டன்லப் தெருவுக்குப் போய்விட்டேன். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பள்ளிவாசல் வாசலில் செருப்பு நிறைந்திருந்தது. பெண்கள் பகுதியில் ஹலீமா பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரையும் பேர் சொல்லி வரவேற்றுக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஓய்வு கிடைத்தபோது, பழக்க தோஷத்தில் நான் என் கைப்பேசியில் அந்தக் கப்பலைத் தேடினேன். அவள்தான் எனக்கு அதில் பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். வட்டத்தைக் காணோம். அந்த இடத்துக்கு வெகு தூரம் கிழக்கே ஓர் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. போகும் இடம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

காட்டுவதா மறைப்பதா என்று தவித்தேன். இன்னொரு பொய்யை இந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவர எனக்கு மனசு வரவில்லை. மெதுவாக அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

"தெரியும் அக்கா. சுபுஹு தொழுகைக்கு எந்திரிச்சப்பவே பாத்தேன். அப்பவே தொண்ணூறு தாண்டிடுச்சு."

"ஐயோ ஹலீமா! அப்போ கொஞ்சம் பொறுத்திருந்தா, அவருகிட்ட அதெல்லாம் சொல்ல வேண்டி இருந்திருக்காதே. உஸ்தாத்தே முடிச்சு வச்சிருப்பாரே!" என் வாய் இருக்கிறதே, அதற்கு நேரம் காலம் தெரியாது.

"ஆமா," என்றாள். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "சொல்லாம இருந்திருந்தா, இன்னைக்கு நங்கூரம் தூக்கும்போது அவரு பெட்டியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் படகு வருதான்னு பாத்துக்கிட்டு நின்னுருப்பாரு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உஸ்தாத்தின் குரல் கேட்டது. முஆத்தின் கையைப் பிடித்திருந்தார் போலும். ஹனீனின் தந்தை சாகுல் ஹமீது என்னிடம் ஒப்படைத்த பொறுப்பின்படி, என்று அவர் தெளிவாகச் சொன்னபோது, அந்தப் பெயரைக் கேட்டதும் ஹலீமா அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகையை விட்டுவிட்டாள். சந்தோஷ அழுகை என்று நினைத்துச் சுற்றியிருந்தவர்கள் தட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு சாப்பாடு. நெய்ச்சோறும் கறியும் தாராளமாகப் பரிமாறினார்கள். ஹலீமாவுக்கு எதிரே முஆத்தின் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து கல்யாணத்துக்காகவே வந்தவர், விவரம் தெரியாதவர், நல்ல மனசுக்காரர்.

"எல்லாம் நிறைவா இருக்கு. பொண்ணோட வாப்பா மட்டும்தான் இல்ல," என்றார். "கப்பல்ல இருக்காராமே. ரொம்ப தூரமாம்மா?"

ஹலீமாவின் மடியில் கைப்பேசி ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் தூரம் எண்ணாக நின்றது, அது ஏறிக்கொண்டே இருந்ததைப் பக்கத்தில் இருந்த நானே பார்த்தேன். அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"இல்ல லாத்தா," என்றாள். "பக்கத்துலதான்."